கண்ணு ரத்தமா செவந்திருக்கா? அறிகுறிய வச்சு காரணத்த பிடிக்கிற வழி

ஒரு கண் ஆஸ்பத்திரியில பத்து வருஷத்துக்கு மேல பார்வை டெஸ்ட் எடுக்குற வேலை பாத்தேன். டாக்டர் இல்ல, டாக்டருக்கு முன்னாடி உக்காந்து எத்தன நாளா இருக்கு, தண்ணி வருதா, பீளை தள்ளுதான்னு கேட்டு சீட்டுல எழுதி உள்ள அனுப்புற ஆளு. அந்த நாற்காலியில நான் கத்துக்கிட்டது என்னன்னா, கண்ணு எவ்வளவு செவப்புங்கறதுக்கும் எவ்வளவு ஆபத்துங்கறதுக்கும் சம்பந்தமே கிடையாது. பழுத்த தக்காளி மாதிரி கண்ண வச்சுக்கிட்டு குடும்பமே ஆட்டோ புடிச்சு அலறிக்கிட்டு வரும், டாக்டர் பாத்துட்டு ஒன்னும் இல்ல போங்கம்பார். லேசா ரோஸ் கலர்ல, "தூசி விழுந்துச்சுங்க, பத்து நாளாச்சு"ன்னு சாவகாசமா ஒருத்தர் வந்து உக்காருவார், அவருக்கு கருவிழி, அதாவது கருப்பு முழி மேல கண்ணாடி மாதிரி இருக்குற படலம், பாதி அரிச்சுப் போயிருக்கும். அதனால இங்க செவப்ப வச்சு பேசப் போறதில்ல, செவப்போட கூட என்ன வந்திருக்குன்னு வச்சு தான் பேசப் போறேன்.

மொதல்ல அஞ்சு நிமிஷ செக்கிங்

எல்லாரும் நேரா கண்ணாடி முன்னாடி போய் நிக்குறாங்க. அதுக்கு முன்னாடி சுவத்துல தொங்குற தினசரி காலண்டர் முன்னாடி போங்க. பவர் கண்ணாடி போடறவங்க போட்டுக்கிட்டே ஒரு கண்ண உள்ளங்கையால மூடிட்டு ராகு காலம் எமகண்டம் போட்டிருக்குற சின்ன எழுத்த படிங்க, அப்புறம் அடுத்த கண்ண மூடிட்டு அதையே படிங்க. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒன்னுல பார்வை கொறஞ்சது தெரியவே தெரியாது, நல்ல கண்ணு சமாளிச்சிடும், எத்தனையோ பேருக்கு நான் ஒரு கண்ண மறைச்சப்ப தான் "ஐயோ இந்தக் கண்ணுல ஒன்னுமே தெரியலியே"ன்னு தெரிஞ்சிருக்கு. மங்கலா இருந்தா நாலு தடவ சிமிட்டுங்க. சிமிட்டினா தெளிஞ்சா பீளையோ தண்ணியோ படிஞ்சிருக்கு, பெருசா பயம் இல்ல. சிமிட்டியும் மங்கலாவே இருந்தா அது கணக்குல எடுத்துக்க வேண்டிய மங்கல்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் பக்கம் திரும்பினா கூசுதா? இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, செவந்த கண்ண மூடிக்கிட்டு நல்ல கண்ணுல மட்டும் டார்ச் வெளிச்சத்த காட்டிப் பாருங்க, மூடியிருக்குற கண்ணுக்குள்ள வலி சுருக்குன்னு வந்தா உள்ள வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஏன்னா ஒரு கண்ணுல வெளிச்சம் பட்டாலே ரெண்டு கண்ணு பாப்பாவும் சேர்ந்து சுருங்கும், உள்ள வெந்து கிடக்குற கண்ணு அந்த அசைவையே தாங்காது.

அப்புறம் வலி. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் கண்வலின்னு ஒரே பேரு, மெட்ராஸ் ஐ வந்தாலும் கண்வலி தான், அதுல தான் குழப்பமே. மணல் கிடக்குற மாதிரி இருந்தா உறுத்தல், தேய்க்கணும்னு தோணினா அரிப்பு, மிளகாய் பட்ட மாதிரி இருந்தா எரிச்சல், கண்ணு குண்டுக்குள்ள குடையற மாதிரி, புருவத்துக்கும் நெத்திக்கும் ஏறினா அது தான் நெசமான வலி. இந்த நாலையும் பிரிச்சுச் சொன்னீங்கன்னா டாக்டருக்கு பாதி வேலை முடிஞ்சிடும்.

இப்ப கண்ணாடி முன்னாடி போங்க. செவப்பு எங்க இருக்கு? கீழ் இமைய இழுத்துப் பாத்தா அங்க தான் அதிகம், கருப்பு முழிக்கு பக்கத்துல கொஞ்சம் வெளுப்பா இருக்குன்னா மேலோட்டமான சமாச்சாரம். தலைகீழா, கருப்பு முழிய சுத்தி வளையம் போட்ட மாதிரி செவப்பு, இமைப் பக்கம் வர வர வெளுப்புன்னா உள்ள தான் பிரச்சனை. ரெண்டு பாப்பாவும் ஒரே சைஸ்ல இருக்கா, கருப்பு முழி மேல வெள்ளையா புள்ளி ஏதாவது தெரியுதான்னும் பாத்துக்கங்க.

போகாத மங்கல், குடையற வலி, தாங்காத கூச்சம், பாப்பா சைஸ் வித்தியாசம், வெள்ளைப் புள்ளி, இதுல ஒன்னு இருந்தா கூட மிச்சத்த படிக்காதீங்க, இன்னிக்கே கண் டாக்டர்கிட்ட கிளம்புங்க. ஒன்னும் இல்லைன்னா தொடருங்க.

வலி இல்ல, அரிப்பு இல்ல, எழுந்து பாத்தா வெள்ளை முழியில ரத்தத் திட்டு

பாக்க பயங்கரம், விஷயம் சின்னது. வெள்ளை முழிக்கு மேல இருக்குற மெல்லிசான தோலுக்கு அடியில ஒரு பொடி ரத்தக்குழாய் வெடிச்சு ரத்தம் பரவியிருக்கு, கையில அடிபட்டா கன்னிப்போகுமே அதே தான், இங்க மேல கண்ணாடி மாதிரி தோல் இருக்கறதால அப்படியே செவப்பா தெரியுது. ராத்திரி பூரா இருமினவங்க, அடுக்குத் தும்மல் போட்டவங்க, மலச்சிக்கல்ல முக்கினவங்க, வாந்தி எடுத்தவங்க, மூட்டை தூக்கினவங்க, சும்மா கண்ண கசக்கினவங்க, எல்லாருக்கும் வரும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எடுக்கறவங்களுக்கு இன்னும் சுலபமா வரும். ஒன்னு ரெண்டு வாரத்துல செவப்பு மஞ்சளாகி தானா போயிடும், முதல் ரெண்டு நாள் இன்னும் பரவற மாதிரி கூட தெரியும், பயப்படாதீங்க. சொட்டு மருந்து எதுவும் இத வேகப்படுத்தாது.

நாப்பது வயசு தாண்டினவங்க மட்டும் இத சாக்கா வச்சு ஒரு தடவ பிரஷர் பாத்துடுங்க, இந்தத் திட்டு வந்து தான் பிபி இருக்கறதே கண்டுபிடிச்சவங்க இருக்காங்க. அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தாலோ, பல் ஈறு மூக்குலயும் ரத்தம் வந்தாலோ ரத்த டெஸ்ட் வேணும். அடிபட்டு வந்த திட்டுன்னா இந்தக் கதை செல்லாது, போய் காட்டணும்.

தண்ணியா கொட்டுது, பீளை தள்ளுது, காலையில இமை ஒட்டிக்குது

இது தான் மெட்ராஸ் ஐ வகையறா. 1918-ல மெட்ராஸ்ல முதல்ல அடையாளம் கண்டதால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, ஊருக்குப் பேரு மாறி சென்னை ஆனாலும் நோய்க்குப் பேரு மாறல. 1819-ல ஆரம்பிச்ச அரசு கண் ஆஸ்பத்திரி இன்னிக்கும் எழும்பூர்ல இருக்கு, ஒவ்வொரு சீசனுக்கும் அங்க வாசல்ல கருப்புக் கண்ணாடி கூட்டம் நிக்கும்.

அந்தக் கருப்புக் கண்ணாடி பத்தி சொல்லிடறேன். மெட்ராஸ் ஐ இருக்கறவங்கள பாத்தா ஒட்டிக்கும்னு நெனச்சு தான் பாதிப் பேரு அத மாட்டறாங்க. பார்வையில ஒட்டாது சாமி, கையில தான் ஒட்டும். கண்ண தொட்ட கை, அந்தக் கை தொட்ட டவல், தலகாணி உறை, கதவுப்பிடி, மொபைல், பஸ் கம்பி, அப்படித்தான் பயணம். கருப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு சுகமா இருக்கும், கை கண்ணுக்குப் போறத கொஞ்சம் தடுக்கும், அவ்வளவு தான் பிரயோஜனம்.

வைரஸா பாக்டீரியாவான்னு வீட்டுலயே ஓரளவு யூகிக்கலாம். தண்ணியா கொட்டி, ஒரு கண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல அடுத்த கண்ணுக்குப் போய், கூடவே சளி தொண்டைவலி, காதுக்கு முன்னாடி தொட்டா வலிக்கிற மாதிரி ஒரு நெறிக்கட்டி இருந்தா வைரஸ். துடைக்கத் துடைக்க மஞ்சளா பச்சையா கெட்டியா பீளை வந்துக்கிட்டே இருந்தா பாக்டீரியா. வைரஸ்க்கு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து ஒன்னும் பண்ணாது, ஒன்னுல இருந்து மூணு வாரம் வரைக்கும் இருந்துட்டு அதுவா போகும், ஆறவச்ச வெந்நீர்ல பஞ்ச நனைச்சு துடைக்கறது, குளிர்ந்த ஒத்தடம், கண்ணீர் மாதிரியான சொட்டு மருந்து, இதுவே போதும். ஒரு கண்ண துடைச்ச பஞ்ச அடுத்த கண்ணுல வைக்காதீங்க. தண்ணி வடியற வரைக்கும் பரவும், பத்து பதினாலு நாள் வரைக்கும் கூட, அதனால பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பறத டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. செவப்பு போன பிறகும் எழுத்து மங்கலா, லைட்ட பாத்தா பளிச்சுன்னு அடிக்கிற மாதிரி இருந்தா கருவிழியில வைரஸ் விட்டுட்டுப் போன பொடிப் புள்ளிங்க இருக்கலாம், அத டாக்டர் தான் பாக்கணும்.

தாய்ப்பால் விடறது, விளக்கெண்ணெய் விடறது, நந்தியாவட்டைப் பூ, தேன், எலுமிச்சை, இதெல்லாம் வேண்டாம். பாட்டி மேல எனக்கும் மரியாதை உண்டு, நந்தியாவட்டைய கண்ணு மூடி மேல வச்சா குளுகுளுன்னு இருக்கும், வச்சுக்கங்க. ஆனா சாறு பிழிஞ்சு உள்ள விடறப்போ கூடவே என்னென்ன கிருமி போகுதுன்னு யாருக்கும் தெரியாது.

பொறந்து ஒரு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு கண்ணு செவந்து பீளை தள்ளினா மேல சொன்ன எதுவும் பொருந்தாது. பிரசவ நேரத்துல தாய்கிட்ட இருந்து வந்த தொற்றா இருக்கலாம், சில வகை ஒன்னு ரெண்டு நாள்லயே கருவிழிய ஓட்டை போட்டுடும். அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அரிக்குது, அரிச்சுக்கிட்டே இருக்கு

ரெண்டு கண்ணுலயும் அரிப்பு, நூல் நூலா வெள்ளையா பீளை, கூடவே தும்மல் மூக்கடைப்புன்னா அலர்ஜி. தூசி, பூந்தாது, பூனை முடி, புது கண் மை, என்னவா வேணா இருக்கலாம். தேய்க்கத் தேய்க்க இன்னும் அரிக்கும், குளிர்ந்த ஒத்தடம் வைங்க.

பள்ளிக்கூடம் போற ஆம்பளப் பசங்களுக்கு வெயில் காலம் வந்தா ஒரு வகை வரும், வெள்ளை முழி அழுக்குக் கலரா மாறும், மேல் இமைக்குள்ள கூழாங்கல் அடுக்கின மாதிரி கட்டி கட்டியா இருக்கும், பய கண்ண கசக்கிக்கிட்டே இருப்பான். வருஷா வருஷம் வரும், பெரும்பாலும் வயசுக்கு வந்த பிறகு அடங்கிடும். இதுல நோய விட மருந்து தான் அதிகமா கெடுத்திருக்கு. மெடிக்கல் ஷாப்ல போய் கண்ணு செவப்புக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துடும், டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், பீட்டாமெத்தசோன்னு லேபிள்ல இருக்கும். போட்ட மறுநாளே கண்ணு பளிங்கு மாதிரி வெளுத்துடும், அம்மாவுக்கு சந்தோஷம், அதையே வருஷக்கணக்கா வாங்கி ஊத்துவாங்க. உள்ள அழுத்தம் சத்தமில்லாம ஏறி கண் நரம்பு செத்துக்கிட்டே வரும், அது பேரு கிளாகோமா, போன பார்வை திரும்ப வராது. பன்னெண்டு வயசுல கண்புரை வந்த பையன நான் நாற்காலியில உக்கார வச்சு எழுத்து படிக்கச் சொல்லியிருக்கேன், மேல இருக்குற பெரிய எழுத்து கூட அவனுக்குத் தெரியல. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல, சில நோய்க்கு அது தான் பார்வைய காப்பாத்துது, ஆனா அழுத்தம் பாத்து, நாள் எண்ணி, டாக்டர் குடுக்க வேண்டிய மருந்து.

சாயங்காலம் ஆனா எரியுது, செவக்குது

மானிட்டர் முன்னாடி உக்காந்திருக்குற கூட்டத்துக்கு இது. சாதாரணமா நிமிஷத்துக்கு சுமார் 15 தடவ சிமிட்டற கண்ணு ஸ்கிரீன பாக்கறப்ப அஞ்சு ஏழுன்னு இறங்கிடும், மேல ஏசி காத்து வேற, கண்ணீர்ப் படலம் காய்ஞ்சு போகும். வேடிக்கை என்னன்னா காய்ஞ்ச கண்ணுல தண்ணியா வடியும், "எனக்கு தான் தண்ணி கொட்டுதே, எப்படி டிரை ஐ"ன்னு சண்டைக்கு வருவாங்க. எரிச்சல் தாங்காம கண்ணு அவசரத்துக்கு விடற வெறும் தண்ணி அது, எண்ணெய்ப் பசை இல்லாததால நிக்காம ஓடிடும்.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடி தூரத்துல இருக்கறத 20 செகண்ட் பாருங்க, அந்த நேரத்துல இமை முழுசா மூடற மாதிரி சிமிட்டுங்க, ஏசி காத்து மூஞ்சியில அடிக்காம திருப்பி வைங்க. கண்ணீர் மாதிரி சொட்டு மருந்து போடலாம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா பதனப்பொருள் சேர்க்காததா கேட்டு வாங்குங்க, அந்தப் பதனப்பொருளே கண்ண எரிக்கும். இமை ஓரத்துல பொடுகு மாதிரி ஒட்டியிருந்தா வெதுவெதுப்பான ஒத்தடம் பத்து நிமிஷம் வச்சு இமை ஓரத்த சுத்தம் பண்ணுங்க, எண்ணெய் சுரக்குற வாய் அடைச்சிருந்தா திறக்கும்.

"செவப்பு போக்கும்"னு விக்குற நாஃபஸோலின் வகை சொட்டு மருந்து இருக்கே, ரத்தக்குழாய சுருக்கி வெள்ளையாக்கும், மருந்து வேகம் இறங்கினதும் முன்ன விட செவப்பா திரும்ப வரும், திரும்ப போடுவீங்க, அப்புறம் மருந்தே காரணமாயிடும். கல்யாண போட்டோவுக்கு ஒரு நாள் போட்டா குடி முழுகாது, தினமும் வேண்டாம்.

ஏதோ விழுந்துச்சு, உறுத்துது

தூசி விழுந்தா மேல் இமைய கீழ் இமை மேல இழுத்து விடுங்க, சுத்தமான தண்ணியில கண்ண திறந்து திறந்து மூடுங்க, பெரும்பாலும் வந்துடும். ஊதறது, முந்தானைய திரிச்சு எடுக்கறது, கிராமத்துல நாக்கால எடுக்குறவங்களே இருக்காங்க, அது வாயில இருக்குற கிருமிய எல்லாம் காயத்துல தடவற வேலை. சிமிட்டற ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல குத்தினா மேல் இமைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு, திருப்பி எடுக்கணும்.

கிரைண்டிங் பண்றப்ப பறந்த இரும்புத் தூள்னா சில மணி நேரத்துலயே துரு வளையம் போட ஆரம்பிச்சிடும், கூட வேலை பாக்கறவர் ஊசியால நோண்டி எடுக்கறத அனுமதிக்காதீங்க. சுத்தியலால இரும்ப அடிக்கிறப்ப தெறிச்சு விழுந்து, அப்புறம் வலியே இல்லைன்னா அது நல்ல சேதி இல்ல, கண்ண துளைச்சு உள்ள போயிருக்கலாம். அமுக்காம, கழுவாம, ஒரு டம்ளர் மாதிரி எதையாவது மேல கவுத்து மறைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி போங்க. வெல்டிங்க வெறுங்கண்ணால பாத்தவங்களுக்கு ஆறு பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, சரியா நடுராத்திரியில, ரெண்டு கண்ணுலயும் மணல அள்ளிப் போட்ட மாதிரி எரியும், அது ஒன்னு ரெண்டு நாள்ல ஆறிடும், மரத்துப்போற சொட்டு மருந்த மட்டும் வீட்டுக்கு வாங்கிட்டுப் போகாதீங்க, வலி தெரியாம கருவிழி கரையும்.

ஆனா நான் அதிகமா பயப்படறது நெல்லுக்குத் தான். அறுப்பு நேரத்துல, களத்துல தூத்தறப்ப நெல்லு சுணை, கரும்புத் தோகை, தென்னை ஓலை, மாட்டு வால் கண்ணுல படும். லேசா உறுத்தும், ஆள் வேலைய விட்டுட்டு வரமாட்டார். அந்தச் சின்ன கீறல்ல மண்ணுல இருக்குற பூஞ்சை ஏறிடும். மதுரைப் பக்கம் கருவிழிப் புண்ணோட வந்தவங்ககிட்ட சுரண்டி எடுத்து வளர்த்துப் பாத்து 1997-ல வெளியிட்ட ஆய்வுல பாக்டீரியா எவ்வளவோ கிட்டத்தட்ட அதே அளவு பூஞ்சை இருந்துச்சு. குளிர் நாட்டுக்காரங்களுக்கு இது அபூர்வம், நமக்கு இது வயக்காட்டு நோய். பூஞ்சைப் புண்ணு மெதுவா வளரும், செவப்பு சுமாரா தான் இருக்கும், பஞ்சு மாதிரி ஓரத்தோட சாம்பல் வெள்ளையா ஒரு புள்ளி. இதுக்கு மெடிக்கல் ஷாப் ஸ்டீராய்டு போட்டா ரெண்டு நாள் அற்புதமா இருக்கும், செவப்பு போகும், வலி கொறையும், அடியில பூஞ்சைக்கு விருந்து. நாய் குரைக்குதுன்னு நாய் வாய கட்டிட்டு திருடன உள்ள விட்ட கதை தான். ஒரு வாரம் கழிச்சு வர்றப்ப கருவிழி ஓட்டை விழற நிலைமை.

நாட்டமைசின் 5 சதவீத சொட்டு மருந்து தான் இதுக்கு முதல் ஆயுதம், புதுசா வந்த விலை கூடின வோரிகோனசோல் தேவலாமோன்னு அரவிந்த் ஆஸ்பத்திரிகள்ல நோயாளிங்கள பிரிச்சு வச்சு போட்டுப் பாத்து 2013-ல முடிவு வந்துச்சு, பழைய நாட்டமைசின் தான் ஜெயிச்சுது, குறிப்பா ஃபியூசேரியம்ங்கற பூஞ்சைக்கு. மணிக்கு ஒரு தடவ, வாரக்கணக்கா போடணும், பாதியில விட்டா மறுபடி மொதல்ல இருந்து. ஆறின பிறகும் தழும்பு வெள்ளையா நிக்கும், கண்ணுல பூ விழுந்துடுச்சுன்னு சொல்றது அதத் தான். அதனால செடி கொடி நெல்லு பட்டு உறுத்தல் மறுநாளும் இருந்தா, செவப்பு இல்லைன்னாலும், போய் காட்டுங்க.

கம்பளிப்பூச்சி முடி பட்டா தேய்க்கவே கூடாது, முடியில முள்ளு இருக்கு, தேய்க்கத் தேய்க்க உள்ள நடந்து போகும்.

சுண்ணாம்பு, எருக்கம்பால், ஆசிட்

இதுல மட்டும் காரணம் தேட வேண்டாம், கிளம்பவும் வேண்டாம், மொதல்ல கழுவணும். குழாய், பக்கெட், குடிதண்ணி கேன், எது பக்கத்துல இருக்கோ அது. அரை மணி நேரம் கண்ண விரிச்சுப் பிடிச்சு கழுவிட்டு அப்புறம் தான் வண்டி. ஆசிட்ட விட சுண்ணாம்பு மோசம், ஆசிட் பட்ட இடத்த பொசுக்கி அங்கயே நின்னுடும், காரம் கரைச்சுக்கிட்டே உள்ள போகும். வெத்தலைக்கு வாங்குற சுண்ணாம்பு பாக்கெட்ட குழந்தை அமுக்கி விளையாடறப்ப வெடிச்சு கண்ணுல தெறிக்கும், வெள்ளைக் கட்டி இமைக்கடியில ஒட்டியிருந்தா சுத்தமான துணி நனைச்சு எடுத்துட்டு கழுவுங்க. எதிர் மருந்துன்னு எலுமிச்சை, தயிர் ஊத்தாதீங்க.

எருக்கு கொஞ்சம் வஞ்சனையானது. பூ பறிக்கிறப்ப, முள்ளு எடுக்க பால் வைக்கிறப்ப தெறிக்கும், சில மணி நேரத்துல பார்வை புகை மூட்டமாகும், ஆனா வலி அதிகம் இருக்காது. வலி இல்லைன்னு தூங்கிடாதீங்க, கருவிழியோட உள் அடுக்கு பாதிச்சதால தான் அந்தப் புகை.

கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க

செவந்தா உடனே கழட்டுங்க, தூக்கி எறியாம டப்பியோட கொண்டு போங்க, அதுல இருந்தே கிருமிய வளர்த்துப் பாக்கலாம். லென்ஸோட தூங்கறது, குழாய்த் தண்ணியில கழுவறது, ஆத்துல கெணத்துல குளிக்கறது மூணும் தான் வழக்கமான குற்றவாளி. சூடோமோனாஸ் பாக்டீரியா ஒரே நாள்ல கருவிழிய உருக்கும். தண்ணியில இருக்குற அகந்தமீபாங்கற கண்ணுக்குத் தெரியாத அமீபா மெதுவா வரும், ஆனா பாக்கறதுக்கு ஒன்னும் பெருசா இல்லாதப்பவே உயிர் போற வலி இருக்கும்.

வெளிச்சம் பட்டா தாங்கல, உள்ள வலிக்குது, பீளை இல்ல

மெட்ராஸ் ஐன்னு நெனச்சு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் ஊத்திட்டு வர்றவங்கள்ல இது ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணு, கருப்பு முழிய சுத்தி செவப்பு வளையம், பாப்பா சுருங்கி, பார்வை லேசா மங்கல். கண்ணுக்குள்ள பாப்பாவ சுத்தியிருக்குற திரை வீங்கியிருக்கு, டாக்டருங்க யுவைடிஸ்ம்பாங்க. விட்டா பாப்பா பின்னாடி லென்ஸோட ஒட்டிக்கும். காரணம் கண்ணுல இல்லாம உடம்புல எங்கயாவது இருக்கலாம், அதனால டாக்டர் "காலையில எழுந்தா இடுப்பு விறைப்பா இருக்கா, டிபி இருந்துச்சா"ன்னு சம்பந்தமில்லாம கேப்பார், பதில் சொல்லுங்க. 1993 மழைவெள்ளத்துக்கு அப்புறம் மதுரைப் பக்கம் இந்த மாதிரி கண்ணோட கும்பல் கும்பலா ஆட்கள் வந்து, தோண்டிப் பாத்தா எலிக்காய்ச்சல் கிருமி. வெள்ளத் தண்ணியில நடந்தது காலு, மாட்டிக்கிட்டது கண்ணு.

வலி இன்னும் ஆழமா, ராத்திரி தூக்கத்துல எழுப்பற மாதிரி, கண்ண மூடித் தொட்டாலே வலிச்சு, செவப்பு ஊதா கலந்து இருந்தா வெள்ளை முழியே வீங்கியிருக்கு, மூட்டுவாதம் இருக்கறவங்களுக்கு வரும். ஒரு மூலையில மட்டும் செவந்து, தொட்டா லேசா நோவுற வகை இதோட சாதுவான தம்பி, பெரும்பாலும் தானா அடங்கும், ஆனா ரெண்டையும் நீங்களா பிரிக்க முடியாது. டாக்டர் ஃபினைலெஃப்ரின்ங்கற ரத்தக்குழாய சுருக்குற மருந்து ஒரு சொட்டு விட்டு காத்திருப்பார், வெளுத்தா தம்பி, வெளுக்கலைன்னா அண்ணன்.

தலைவலி, வாந்தி, லைட்ட சுத்தி வானவில்

எங்க அம்மாவுக்கு ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு நெத்தி பிளக்குற வலி, ரெண்டு தடவ வாந்தி, ஒரு கண்ணு லேசா செவப்பு. கண்ணு வேலையில இருந்த நானே பித்தம்னு நெனச்சு இஞ்சி தட்டிக் குடுத்தேன், வீட்டுக்குப் பக்கத்துல போன கிளினிக்ல கேஸ்னு ஊசி போட்டாங்க. விடியக்காலையில "ட்யூப் லைட்ட சுத்தி கலர் கலரா வளையம் தெரியுதுடா"ன்னு அம்மா சொன்னப்ப தான் எனக்கு உறைச்சுது. கண்ணுக்குள்ள தண்ணி வடியற மூலை அடைச்சு அழுத்தம் எகிறியிருக்கு. 10-ல இருந்து 21 வரைக்கும் இருக்க வேண்டியது 54 காட்டுச்சு. கருவிழி ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி, பாப்பா பாதி விரிஞ்சு அசையாம நின்னுச்சு.

அம்பது வயசு தாண்டின பொம்பளைங்க, தூரப்பார்வைக்கே பிளஸ் பவர் போடறவங்க, இவங்களுக்கு அந்த மூலை குறுகலா இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டுல பாப்பா விரியறப்ப அடைக்கும், அதனால தான் சாயங்காலம் ராத்திரி நேரத்துல வருது, சில சளி மாத்திரையும் தூண்டி விடும். மூடின இமை மேல விரல வச்சு ரெண்டு கண்ணையும் மெல்ல தொட்டுப் பாத்தா வித்தியாசம் தெரியும், ஒன்னு பழுத்த மாம்பழம், இன்னொன்னு கல்லு. இது மணிக்கணக்குல ஓடற பந்தயம், காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க. மருந்துல அழுத்தத்த இறக்கிட்டு லேசர்ல பொடி ஓட்டை போட்டு வழி பண்ணுவாங்க, நல்லா இருக்குற அடுத்த கண்ணுக்கும் போடுவாங்க, "அதுல ஒன்னும் இல்லையே, எதுக்கு"ன்னு எங்க அம்மா மாதிரி சண்டை போடாதீங்க, அதுக்கும் அதே குறுகல் மூலை தான்.

நெத்தியில கொப்புளம், அதே பக்கத்துக் கண்ணு செவப்பு

அக்கி. நெத்தியில ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோட கொப்புளம், நடுக்கோட்ட தாண்டாது. மூக்கு நுனியில கொப்புளம் வந்தா கண்ணுக்குள்ள போக வாய்ப்பு அதிகம், ரெண்டுக்கும் ஒரே நரம்பு. காவி வச்சு அக்கி எழுதறத நம்பறவங்க எழுதிக்கங்க, ஆனா கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ எதிர்க்கிற மாத்திரை ஆரம்பிக்கணும், எழுதி முடிச்சு மூணு நாள் பாத்துட்டு வந்தா அந்த நேரம் போயிடும்.

மிச்சம் மீதி

இமை ஓரத்துல வலியோட கட்டின்னா கண்கட்டி, ஒத்தடம் குடுங்க, பிதுக்காதீங்க. மூக்குப் பக்கத்துல இருந்து கருவிழி மேல முக்கோணமா சதை ஏறினா வெயில்லயும் காத்துலயும் வேலை பாக்கறவங்களுக்கு வர்றது, அவசரம் இல்ல, பாப்பா பக்கம் வந்தா எடுக்கணும். கண்புரை ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாள்ல வலியோட செவந்து பார்வை இறங்கினா ஆபரேஷன் பண்ண இடத்துக்கே அன்னிக்கே ஓடுங்க. தலையில அடிபட்டு சில வாரம் கழிச்சு கண்ணு செவந்து, பிதுங்கி, காதுக்குள்ள புஸ் புஸ்னு நாடித் துடிப்போட சத்தம் கேட்டா மூளைப் பக்கத்து ரத்தக்குழாய்ல கசிவு, இத கண்வலின்னு வச்சு ஓட்டினவங்க உண்டு.

டாக்டர்கிட்ட போறப்ப

இதுவரைக்கும் போட்ட சொட்டு மருந்து பாட்டில் எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு போங்க, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்ததையும் மறைக்காம. திறந்து ஒரு மாசம் தாண்டின பாட்டில் எதுவா இருந்தாலும் இனிமே போடாதீங்க. அங்க ஆரஞ்சு கலர்ல ஒரு சாயத்த தொட்டு நீல லைட்ல பாப்பாங்க, கருவிழியில கீறல் புண்ணு இருந்தா அந்த இடம் மட்டும் பச்சையா மின்னும், அப்புறம் கைக்குட்டையில மஞ்சளா ஒட்டும், மூக்கு சிந்தினாலும் மஞ்சளா வரும், பயப்பட வேண்டாம். புண்ணு இருந்தா மரக்க வச்சு சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பூஞ்சையா பாக்டீரியாவான்னு பாப்பாங்க, அதுக்கு ஒத்துக்கங்க, அது இல்லாம மருந்து குடுக்கறது இருட்டுல கல்லெறியற வேலை. பாப்பாவ விரிய வைக்க சொட்டு விட்டாங்கன்னா நாலஞ்சு மணி நேரத்துக்கு பக்கத்துல இருக்குற எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும், அதனால பைக்க எடுத்துட்டுப் போகாதீங்க, பஸ் நம்பர் படிக்க கூட ஒரு ஆள் வேணும்.